மைக்கூடும் மிதிவண்டிக் குழாயும்
(ஷிப்பியோனே ரிவா-ரோச்சி – வாழ்வும் பணியும்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மருத்துவமனை வாயிலை மிதிக்காதவர் நம்மில் எவரும் இலர். மிதித்தவர் எவராயினும், புயத்தில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ‘பிரஷர்’ பார்க்கும் காட்சியைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார். ஸ்டெதாஸ்கோப்பைத் தந்தவர் லென்னெக் என்பதை அறிவோம். எக்ஸ் கதிரைக் கண்டவர் ராண்ட்ஜன் என்பதையும் அறிவோம். ஆனால் அந்தப் பட்டையை நமக்குத் தந்தவர் யார் என்று கேட்டால், நம்முள் பெரும்பாலோர் வாய் திறவோம். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் மருத்துவர்களோ அவரை நாள்தோறும் நினைவு கூர்கின்றனர். நோயாளியின் குறிப்பில் இரத்த அழுத்தத்தைக் காட்ட அவர்கள் இடும் ‘ஆர் ஆர்’ என்னும் இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே. அவர்தாம் இத்தாலி நாட்டு மருத்துவர் ஷிப்பியோனே ரிவா-ரோச்சி.

அவருடைய வாழ்வை இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவர் செய்த கருவி இயற்பியல் மாணவனாகிய எனக்கு நன்கு விளங்கும் கருவி. மற்றொன்று, அவர் குழந்தை மருத்துவமும் கற்பித்தவர். குழந்தைகளின் இரத்த அழுத்தத்தை எக்கருவியால் எவ்வாறு அளப்பது என்னும் இன்றைய வினாவுக்கு அவருடைய கருவியின் நிறையும் குறையும் சேர்ந்து விடை சொல்கின்றன.

இளமையும் கல்வியும்

1863-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள், இத்தாலியின் வடமேற்கே பியட்மான்ட் பகுதியில், தூரின் நகருக்கு அருகிலுள்ள அல்மேசே என்னும் சிற்றூரில் ரிவா-ரோச்சி பிறந்தார். பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1888-இல் அவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் அவருக்கு வாய்த்த ஆசான் கார்லோ ஃபோர்லானினி. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்று கருதிய ஃபோர்லானினி, நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியில் வாயுவைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்யும் முறையை 1882-இல் முன்மொழிந்தார். பின்னர் அதைச் செய்தும் காட்டினார். ரிவா-ரோச்சி அவருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். ஒரு வாயுவை உடலுக்குள் செலுத்துகிறவன் அதன் அழுத்தத்தை அறியாமல் செலுத்த முடியாது. எனவே வாயு, குழாய், அழுத்தம் ஆகிய மூன்றும் இளம் ரிவா-ரோச்சிக்கு அன்றாடம் பழகிய பொருள்களாயின. ஆசானிடம் கற்ற பாடம் ஒன்று, மாணவனிடம் வேறொன்றாய்ப் பூத்தது எனலாம்.

அவருக்கு முன் சென்றவர்கள்

இரத்தம் குழாய்க்குள் அழுத்தத்தோடு ஓடுகிறது என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் மருத்துவர் அல்லர், ஒரு பாதிரியார். இங்கிலாந்து நாட்டு ஸ்டீஃபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையின் தமனிக்குள் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் வரை ஏறி நின்றது. அவர் இதை 1733-இல் நூலாக வெளியிட்டார். அந்த உயரத்தைப் பாதரசக் கணக்குக்கு மாற்றினால் 200 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அரிய சோதனைதான், ஆனால் மனிதருக்கு இதைச் செய்ய இயலுமா? பிணி தீர்க்க வந்தவரின் குழாயைக் கிழித்துப் பிணியை அளப்பது எவ்வாறு?

1828-இல் பிரான்சு நாட்டுப் புவாசேய், நீண்ட குழாய்க்கு மாற்றாகப் பாதரச அழுத்தமானியைக் கொண்டுவந்தார். பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. 120 மில்லிமீட்டர் பாதரசம் தாங்கும் அழுத்தத்தை நீரால் தாங்க 1,630 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். ஓர் ஆள் உயரக் குழாய் செய்ய வேண்டிய வேலையை ஒரு முழத்துக்கும் குறைந்த குழாய் செய்தது. ஆனால் அதுவும் தமனியைத் திறந்தே அளந்தது.

தோலைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே அளக்க வியன்னாவில் பணியாற்றிய ஃபான் பாஷ் 1881-இல் ஒரு கருவி செய்தார. நீர் நிரம்பிய ரப்பர்ப் பையை மணிக்கட்டுத் தமனிமேல் வைத்து, நாடி நிற்கும் வரை அழுத்தும் கருவி அது. பை சற்றே நகர்ந்தாலும் அளவு மாறும். அழுத்தும் கை மாறினாலும் அளவு மாறும். 1895-இல் தூரின் நகரிலேயே உடலியங்கியல் அறிஞர் ஆஞ்சலோ மாஸோ, விரல்களில் அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். இதயத்துக்கு அவ்வளவு தொலைவிலுள்ள சிறு குழாய்களில் கிடைக்கும் அளவு, இதயத்தின் உண்மை நிலையைக் காட்டுமா என்னும் ஐயம் மிஞ்சியது.

மேசைமேல் கிடந்த பொருள்களால் ஒரு கருவி

1896-ஆம் ஆண்டு டிசம்பரில் தூரின் மருத்துவ இதழில் ரிவா-ரோச்சியின் கட்டுரை வெளிவந்தது. புதியதோர் இரத்த அழுத்தமானியைப் பற்றியது அது. அடுத்த ஆண்டும் அதைத் தொடர்ந்து எழுதினார். அப்போது அவருக்கு வயது 33.

அவர் சிந்தனை எளியது. ஒரே புள்ளியில் அழுத்துவதால்தானே பிழை நேர்கிறது? புயத்தைச் சுற்றிலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவாக அழுத்தினால் என்ன? புயத்தில் எலும்பு ஒன்றே; பெருந்தமனியும் ஒன்றே; அது இதயத்துக்கு அண்மையில், ஏறத்தாழ அதே மட்டத்தில் இருக்கிறது. ஆகவே அவர் விரலையும் மணிக்கட்டையும் விட்டுப் புயத்தைத் தேர்ந்தார்.

கருவிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கேட்டால் வியப்பு மேலிடும். மிதிவண்டிச் சக்கரத்தின் உட்குழாய் பட்டையாயிற்று. எழுதும் மைக்கூடு பாதரசத் தொட்டியாயிற்று. சிறு உலோகக் குழாய்களும், ஒரு கண்ணாடிக் குழாயும், காற்றடிக்கும் ரப்பர்க் குமிழும் எஞ்சிய உறுப்புகள். பட்டையைப் புயத்தில் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்ப்பார். நாடி மறையும் கணத்தில் பாதரசம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ, அதுவே இதயம் சுருங்கும்போது உண்டாகும் மேல் அழுத்தம்.

மைக்கூட்டைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் ஆய்வகத்தில் ‘யு’ வடிவக் குழாயில் இரு பக்க மட்டங்களையும் படித்துக் கழிக்கிறோம். அகன்ற தொட்டியில் மெல்லிய குழாயை நிறுத்தினாலோ, ஒரு பக்கம் படித்தால் போதும். தொட்டியின் பரப்பு குழாயின் பரப்பைப்போல் 100 மடங்கு இருந்தால், குழாயில் பாதரசம் 100 மில்லிமீட்டர் ஏறும்போது தொட்டியில் 1 மில்லிமீட்டரே இறங்கும். நோயாளியின் அருகில் நின்று விரைந்து படிக்க வேண்டிய மருத்துவர்க்கு இது எத்துணை உதவி!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு முதன்முதல் வந்தவன் நான். அறிவியல் என்றால் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்த விலையுயர்ந்த கருவிகள் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். மைக்கூட்டையும் மிதிவண்டிக் குழாயையும் வைத்து உலக மருத்துவத்தையே மாற்றிய இம்மனிதரின் கதை அந்த எண்ணத்தை அகற்றிவிட்டது. கையில் உள்ள பொருளைவிடக் கருத்தில் உள்ள தெளிவே கருவியைச் செய்கிறது.

மற்றொரு செய்தியையும் அவர் அன்றே கண்டறிந்து எழுதினார். நோயாளியின் மனநிலை மாறினால் அழுத்தமும் மாறுகிறது. அச்சமும் பரபரப்பும் அளவை உயர்த்திக் காட்டுகின்றன என்றார். மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுவதை ‘வெள்ளை அங்கி விளைவு’ என்று இன்று குறிப்பிடுகின்றனர். ஊசிக்கு அஞ்சி அழும் குழந்தையிடம் எடுத்த அளவை நம்பலாகாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமோ?

கடல் கடந்த கருவி

1898-இல் ஃபோர்லானினி பாவியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ரிவா-ரோச்சியும் உடன் சென்றார். 1901-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பாவியாவுக்கு வந்தார். மூளை அறுவையில் முன்னோடியாகப் பின்னாளில் புகழ்பெற்றவர் இவர். அங்கு அன்றாடப் பயன்பாட்டில் இருந்த அக்கருவியைக் கண்டு, அதன் அமைப்பை அறிந்து, தம் நாட்டில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அறுவை நடக்கும்போது மயக்கத்தில் கிடப்பவரின் நிலையை அறிய அது பயன்பட்டது. ஓர் இத்தாலிய நகரின் கருவி உலகத்தின் கருவியாயிற்று.

ரிவா-ரோச்சியோ 1900-ஆம் ஆண்டு முதல் 1928 வரை வரேசே நகர மருத்துவமனையின் தலைமை மருத்துவராகவும் இயக்குநராகவும் பணியாற்றினார். 28 ஆண்டுகள் ஒரே மருத்துவமனை! அதோடு, 1907-இல் குழந்தை மருத்துவம் கற்பிக்கும் தகுதி பெற்றுப் பாவியா பல்கலைக்கழகத்தில் அத்துறையைக் கற்பித்தும் வந்தார்.

குறை கண்டார், நிறை செய்தார்

எக்கருவியும் பிறந்த அன்றே முழுமை பெறுவதில்லை. ரிவா-ரோச்சியின் கருவியில் இரண்டு குறைகள் இருந்தன.

முதற்குறை, அது மேல் அழுத்தத்தை மட்டுமே காட்டியது. 1905-இல் ருஷ்ய அறுவை மருத்துவர் நிக்கலாய் கொரட்காஃப் இதைத் தீர்த்தார். பட்டைக்குக் கீழே தமனியின்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காற்றை மெல்ல வெளிவிட்டால், ஒரு கட்டத்தில் தட்டும் ஒலி தோன்றுகிறது. பின்னொரு கட்டத்தில் மறைகிறது. தோன்றும் இடம் மேல் அழுத்தம். மறையும் இடம் கீழ் அழுத்தம். இத்தாலியரின் பட்டையும் ருஷ்யரின் செவியும் சேர்ந்ததே நாம் காணும் முறை.

இரண்டாம் குறை, பட்டையின் அகலம். மிதிவண்டிக் குழாயின் அகலம் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர்தான். குறுகிய பட்டையின் அழுத்தம் சதையின் ஆழத்திலுள்ள தமனியை முழுமையாகச் சென்று சேர்வதில்லை. எனவே தமனியை மூட மிகுதியாகக் காற்றடிக்க நேர்கிறது. பாதரசமும் உண்மைக்கு மேல் ஏறி நிற்கிறது. 1901-இல் ஜெர்மானியர் ஃபான் ரெக்லிங்ஹவ்சன் இதைச் சுட்டிக்காட்டி, பட்டையை இருமடங்குக்கு மேல் அகலப்படுத்தினார். இன்று பெரியவர்களுக்கான பட்டையில் காற்றுப்பையின் அகலம் 12 அல்லது 13 செண்டிமீட்டர் இருப்பது இதனால்தான்.

குழந்தையின் கை

இனி நம் மைய வினாவுக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பக்கம் ‘பிரஷர்’ என்றால் முதியவர்க்கு வரும் நோய் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. சிறு குழந்தைக்கும் இரத்த அழுத்தம் உயரலாம். அவ்வாறு உயர்ந்தால், பெரும்பாலும் வேறொரு நோய் உள்ளே மறைந்திருக்கும். சிறுநீரக நோயாக இருக்கலாம். இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். இந்நோய்கள் வலியோடு வந்து கதவைத் தட்டுவதில்லை. ஓர் அளவுதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த அளவே பிழையானால்?

பட்டையைத் தேர்வதற்கு இன்று வழங்கும் விதி இது: காற்றுப்பையின் அகலம் புயத்தின் சுற்றளவில் நூற்றுக்கு 40 பங்காவது இருக்க வேண்டும்; நீளம் 80 முதல் 100 பங்கு இருக்க வேண்டும். 17 செண்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பிள்ளையின் கைக்கு ஏறத்தாழ 7 செண்டிமீட்டர் அகலப் பை தேவை. பெரியவருக்கான பட்டையையே அக்கையில் சுற்றினால் அளவு உண்மைக்குக் கீழே இறங்கிவிடும். நோயுள்ள பிள்ளை நலமுள்ள பிள்ளையாக வீடு திரும்பும். பருத்த பிள்ளைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலோ அளவு ஏறிவிடும். நலமுள்ள பிள்ளை நோயாளியாகிவிடும். ஆகவே பட்டையைத் தேர்வது வயதைக் கேட்டன்று, கையை அளந்து.

இந்த விதியை ரிவா-ரோச்சியின் முதற்பட்டைக்குப் பொருத்திப் பார்த்தேன். 5 செண்டிமீட்டர் அகலம் 12½ செண்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கே பொருந்தும். அது ஒரு கைக்குழந்தையின் கை! பின்னாளில் குழந்தை மருத்துவம் கற்பிக்கப்போகும் அவர், தம்மை அறியாமலே குழந்தைக்கு ஏற்ற பட்டையைச் செய்து பெரியவர்களின் கையில் சுற்றியிருக்கிறார். நாமோ பெரியவர்களின் பட்டையைக் குழந்தையின் கையில் சுற்றுகிறோம். பிழை ஒன்றே, திசைதான் வேறு.

கருவிகளை ஒப்பிடுவோம்

பாதரசக் கருவி நேரடியானது. பாதரசத்தின் எடையே சான்றாக நிற்பதால் ஏமாற்றுவதில்லை. ஆயினும் பாதரசம் நஞ்சு. 2013-இல் நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கையின் வழியே அது மருத்துவமனைகளிலிருந்து விலக்கப்பட்டு வருகிறது. இந்தியா அதை 2018-இல் உறுதிசெய்தது.

முள் காட்டும் வட்டக் கருவியில் பாதரசம் இல்லை. உலோகச் சிமிழ் ஒன்று விரிந்து முள்ளை நகர்த்துகிறது. எடுத்துச் செல்ல எளிது. ஆனால் கீழே விழுந்தாலும் நாள்பட்டாலும் முள் பிசகும். குறித்த காலத்தில் சரிபார்த்தால்தான் நம்பலாம்.

இவ்விரண்டிலும் செவியால் கேட்க வேண்டும். குழந்தையின் தமனி சிறிது; ஒலியும் மெல்லியது. சில குழந்தைகளுக்குப் பாதரசம் பூச்சியத்துக்கு வந்த பின்னும் ஒலி மறைவதில்லை. அப்போது ஸ்டெதாஸ்கோப்பை மெதுவாக வைத்து மீண்டும் கேட்க வேண்டும்.

1976-இல் வெளிவந்த தானியங்கிக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் நாடி எழுப்பும் அதிர்வை உணர்கிறது. அதிர்வு மிகப் பெரிதாகும் இடம் சராசரி அழுத்தத்தைக் குறிக்கும். மேலும் கீழுமான அழுத்தங்களைக் கருவி கணக்கிட்டே சொல்கிறது. அக்கணக்கு செய்பவர்க்குச் செய்பவர் வேறுபடுவதால், ஒரே குழந்தைக்கு இரு கருவிகள் இருவேறு எண் காட்டக்கூடும். செவியால் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பெரும்பாலும் காட்டும். ஆயினும் ஒலி கேட்க முடியாத பச்சிளங்குழந்தைக்கு இதுவே துணை. கேளா ஒலியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியும் அத்தகையதே.

ஆகவே 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வகுத்த நெறி இரண்டையும் அரவணைக்கிறது. மூன்று வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். முதலில் தானியங்கியால் பார்க்கலாம். அளவு உயர்ந்திருந்தால் செவியால் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பிள்ளை சில நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், வலப்புயத்தில், இதயத்தின் மட்டத்தில் அளக்க வேண்டும். 13 வயதுக்குட்பட்டோர்க்கு ஒரே எல்லை எண் கிடையாது. வயது, பால், உயரம் மூன்றையும் கொண்டு அட்டவணையில் பார்த்தே முடிவு சொல்வர். ஒரு நாள் அளவைக் கொண்டு நோய் என்று தீர்ப்பதும் இல்லை.

இறுதி நாள்கள்

1928-இல் ரிவா-ரோச்சி வரேசே மருத்துவமனைப் பணியிலிருந்து விலகினார். நெடுநாள் நரம்பு நோயொன்று அவரை வாட்டியது. நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றிய மூளைக் காய்ச்சலின் பின்விளைவு அது என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். 1937-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், ராப்பல்லோ என்னும் கடற்கரை ஊரில், தம் 73-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

மைக்கூடு மறைந்தது, பாதரசமும் விடைபெறுகிறது, இலக்கங்கள் ஒளிரும் திரை வந்துவிட்டது. ஆனால் புயத்தைச் சுற்றும் பட்டை மட்டும் மாறவில்லை. எத்துணைப் புதிய கருவியாயினும் அந்தப் பட்டையின் வழியேதான் குழந்தையின் கையைத் தொடுகிறது. பல்லாயிரம் ரூபாய் பெறும் கருவியும் பட்டை பொருந்தாவிடில் பொய் சொல்லும். எளிய கருவியும் பட்டை பொருந்தி, குழந்தை அழாமல் அமர்ந்திருந்தால் மெய் சொல்லும்.

நம்முள் சிலர் நாளை ஆய்வகங்களில் பணியாற்றலாம், சிலர் ஆசிரியராகலாம், எல்லோரும் ஒருநாள் ஒரு குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அன்று அந்தச் சிறு கையில் பெரிய பட்டை சுற்றப்படுமானால், குழந்தைக்கு உரிய பட்டை இருக்கிறதா என்று பணிவோடு கேட்போம். படித்த நாம் கேட்க வேண்டிய கேள்வி அது. ரிவா-ரோச்சிக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.